ஒரு குறை சொல்லுங்க

சாவி இரண்டு சுற்றுச் சுற்றியும் பெட்டி திறக்கவில்லை. காவியா முழங்காலால் மூடியை அழுத்திக்கொண்டு மறுபடியும் திருகினாள். வெளியே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கூடத்தில் ஐஸ் பெட்டி விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் அவள் மாமியார் சின்னம்மாள் படுத்திருந்தாள். காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வாளியைத் தூக்கியவள், தண்ணீரும் தானுமாகச் சாய்ந்துவிட்டாள். டாக்டரைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குளிப்பாட்டி உடுத்த ஒரு புதுச்சேலை வேண்டும். அதற்குத்தான் இந்தத் தகரப் பெட்டி. கல்யாணமாகி வந்த பதினோரு வருஷமாக இதற்குள் என்னதான் இருக்கிறதென்று காவியாவுக்குத் தெரியாது. இன்றைக்குப் போய் இப்படி ஓர் ஆசை வருகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் திறந்தாள்.

மடிப்புக் கலையாத ஒன்பது சேலைகள், தைக்காத ரவிக்கைத் துணிகள், தீர்த்தமலைத் தீர்த்தம் அடைத்த ஐந்தாறு தண்ணீர் பாட்டில்கள், எரியாத டார்ச் லைட் மூன்று. அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் பாட்டுக் கட்டியவளின் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று காவியாவுக்குப் பிறகுதான் உறைத்தது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஜானகியம்மாள் நின்றிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் கோயிலில் பாடும் பதினான்கு பெண்களில் சின்னம்மாளுக்கு அடுத்த குரல் அவளுடையது.

"கண்ணு, மணி ரெண்டாவுது. மூணுக்கு ராகு காலம், அதுக்குள்ள எடுக்கணும். பாட்டு கட்டி முடிச்சிட்டோம். ஒண்ணு மட்டும் பாக்கி."

என்ன பாக்கி என்று காவியா கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அந்த ஊரில் யார் செத்தாலும் சின்னம்மாள் அந்த வீட்டுக்குப் போய் உட்காருவாள். அழமாட்டாள். வீட்டாரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பாள். என்ன பிடிக்கும், யாரைப் பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, கடைசியாக, "ஒரு குறை சொல்லுங்க" என்பாள். தெருமுனையில் பாடையை இறக்கி வைக்கும்போது, பெண்கள் அதற்கு மேல் போகக்கூடாது என்கிற அந்த இடத்தில் நின்று, செத்தவரைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டுப் பாடுவாள். அந்தக் குறையும் பாட்டில் வரும்.

"மொட்டைக் கடுதாசி மாதிரி ஒருத்தர சாமிகிட்ட அனுப்பக் கூடாது. வர்றது யாருன்னு சொல்லித்தான் அனுப்பணும். நல்லதையே சொன்னா சாமி நம்பாது. ஒரு குறையும் சேத்துச் சொன்னாத்தான் மத்ததையும் நம்பும்" என்பாள். கண்டக்டர் குப்புராஜ் செத்தபோது, கோபம் வந்தால் சோற்றுத் தட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போவார் என்று பாடினாள். அழுதுகொண்டிருந்த அவர் மனைவியே சிரித்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு விரல் வரப்பை நகர்த்தியவரைப் பற்றியும் அப்படியே பாடினாள். மறுவாரம் மகன்கள் வரப்பைப் பழைய இடத்துக்கே வெட்டிவிட்டார்கள். ஊரில் சிலர் சாவைவிட அந்தப் பாட்டுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

"மாமாவ கேட்டீங்களா?" என்றாள் காவியா.

"கேட்டனே. குறட்டை வுடுவான்னாரு. அது வியாதி, குறையாவாது. ஒம்புருஷன், 'அம்மாவப் போயி குறை சொல்லுவாங்களா பெரிம்மா'ன்னு அழுவறான். மொரப்பூர்லருந்து தையக்கார வஹிதா வந்திருக்குது. அளவு ரவிக்கை குடுத்தா ஒருநாளும் ஒழுங்கா குடுக்கமாட்டாங்கன்னுது. அத வச்சிக்கிட்டு நான் இன்னா பண்றது?"

"வேற யாரும் சொல்லலிங்களா அத்த?"

"தெய்வம், மகராசின்னே சொல்றாங்க. குறை இல்லாத பாட்ட பாடக்கூடாதுன்னு அவதான் சொல்லி வச்சிருக்கா. பாடாம அனுப்புனா, எங்கள மன்னிப்பாளா? பதினோரு வருஷம் ஒரே அடுப்புல பொங்குனவ நீ. ஒனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான் சங்கடம். சின்னம்மாளின் குறைகளை காவியா விரல்விட்டு எண்ணியிருக்கிறாள். குழம்பை இறக்கிய பிறகு ருசி பார்க்காமலே உப்புப் போடுவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டு தோன்றிவிட்டால் எதிரில் இருப்பவரை மறந்துவிடுவாள். ஒருமுறை வங்கி மேனேஜரின் முகத்துக்கு நேராகவே தாளம் போட்டிருக்கிறாள். இதில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பாட்டுக்கு அது போதாது. மனசில் தைத்திருப்பதைத்தான் சொல்ல வேண்டும். தைத்திருப்பதைச் சொன்னால், மாமியார் பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டே குறை சொன்ன மருமகள் என்ற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"எனக்கு எதுவும் இல்லிங்க அத்த" என்றாள். ஒரு பச்சைச் சேலையை உருவினாள்.

ஜானகியம்மாள் போகவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த லைட்டையெல்லாம் எதுக்குடி வச்சிருந்தா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

ஆறு வருஷமாக காவியாவிடமும் ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் சின்னம்மாள் பதில் சொல்லியிருப்பாளோ என்னவோ. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இனி கேட்க முடியாது என்பது காலையில், அந்த வாளித் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுகையைவிட அந்த ஏமாற்றம்தான் முதலில் வந்தது.

"என் புள்ளைக்குப் பாடல" என்றாள்.

ஜானகியம்மாள் நிமிர்ந்தாள்.

"மூத்தவ பிரியதர்ஷினிக்கு அடுத்தது. ஏழாம் மாசம், பொட்டப்புள்ள. உசுரில்லாம பொறந்துச்சு. துணியில சுத்தி இவர் எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்தங்க. இந்தத் தெருவுல குடிகாரனுக்குப் பாடியிருக்காங்க, வரப்பு திருடுனவனுக்குப் பாடியிருக்காங்க. சொந்தப் பேத்தி போவுது, வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள வந்து அரிசி களைய ஆரம்பிச்சிட்டாங்க. ஏன் பாடல? அதான் எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வாணாங்க."

சொல்லி முடித்த பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. சேலையை முகத்தில் பொத்திக்கொண்டாள். அதில் பெட்டியின் துரு வாடை அடித்தது.

கூடத்திலிருந்து யாரோ, "தண்ணி காஞ்சிருச்சா?" என்று கேட்டார்கள். ஜானகியம்மாள் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"ஏன் பாடலன்னு நாங்களும் கேட்டோம்" என்றாள். "மூணு வெள்ளிக்கெழம கோயிலுக்கே வரல. வூட்டுப் பின்னால போயி நான்தான் புடிச்சேன். இன்னாடி, பேத்திய மொட்டையா அனுப்பிட்டியேன்னு. 'கண்ணே தொறக்காத புள்ளகிட்ட இன்னா குறையக் கண்டு நான் பாடுவேன் ஜானகி'ன்னா. அவ அழுது நான் பாத்தது அன்னிக்கி மட்டுந்தான்."

காவியா சேலையை விலக்கினாள். முதலில் கோபம்தான் வந்தது.

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னாங்க? நான் ஆறு வருஷமா…"

"சொல்லல. ஊரையெல்லாம் கேள்வி கேட்டா, பக்கத்துல படுத்திருந்த உன்கிட்ட வாயத் தொறக்கல. அது குறைதான் கண்ணு. பெரிய குறை." ஜானகியம்மாள் காவியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவுப் பக்கம் போனவள் நின்றாள். "பாட்டுல வெறுமனே பேத்தின்னு சொல்ல முடியாது. பேரு எதுனா நெனச்சு வச்சிருந்தியா?"

காவியா யாரிடமும் சொன்னதில்லை. புருஷன் மாதேஸ்வரனிடம்கூடச் சொன்னதில்லை. ஓசூர் கம்பெனியிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருகிறவனிடம் அதைச் சொல்ல ஒரு வாரமும் தோதாக அமையவில்லை.

"அமுதினி" என்றாள்.

இரண்டே முக்காலுக்குப் பாடை கிளம்பியது. முன்னால் மாதேஸ்வரன் ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பின்னால் அவன் அப்பா சென்றாயன், துண்டை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் பாடையை இறக்கினார்கள். மேளம் நின்றது. பதினான்கில் ஒன்று குறைந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஜானகியம்மாள் குரலெடுத்தாள். அவள் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடினார்கள்.

"வாசத் தெளிச்ச கையோட வர்றா பாரு தாயே
வாளித் தண்ணி காயுமுன்னே வர்றா பாரு தாயே"

குளிப்பாட்டும்போது காவியா சொல்லிவைத்த உப்புக் கதையும் வந்தது. மேனேஜர் முன்னால் தாளம் போட்டதும் வந்தது. வஹிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜானகியம்மாள் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, குரலை இறக்கினாள்.

"ஊருக்கெல்லாம் பாடுனவ ஒருத்திக்குப் பாடலியே
அமுதினின்னு பேத்தி வந்தா, அவளுக்குத்தான் பாடலியே"

பன்னிரண்டு பேரும் அதை வாங்கிப் பாடினார்கள். காவியா தலை குனிந்திருந்தாள். யார் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தப் பேரை இன்னொருவர் வாயிலிருந்து அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

"நேரமாவுது, தூக்குங்கப்பா" என்றார் யாரோ ஒருவர்.

சென்றாயன் துண்டை வாயிலிருந்து எடுத்தார். "இருங்க. இன்னொருக்கா பாடட்டும்."

காவியா நிமிர்ந்தாள். மாதேஸ்வரன் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டியிலிருந்து எழுந்த புகை முகத்தில் அடித்தும் அவன் முகத்தைத் திருப்பவில்லை. ஜானகியம்மாள் அந்த அடியை மறுபடியும் எடுத்தாள். இந்தமுறை காவியாவும் சேர்ந்து பாடினாள்.