லாட்டுக்கு ஒரு ஏணி

வலது காலுக்குச் சாக்ஸ் ஏறிவிட்டது. இடது கால்தான் மல்லுக்கு நின்றது. குதிகால் வெடிப்பில் நூல் சிக்கிக்கொண்டு, இழுக்க இழுக்க வரமாட்டேன் என்றது. உயிரோடு இருந்தபோதும் அப்பா இப்படித்தான். ஒன்றுக்குத் தலையாட்டுவார், அடுத்ததற்கு முரண்டு பிடிப்பார். அவள் சாக்ஸைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்காலின் குறுக்கே, குழிந்த இடத்தில், விரல் தடிமனுக்கு ஒரு காய்ப்பு ஓடியது. ஏணிப்படி அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு. சில்லிட்ட காலில் அது மட்டும் இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது.

காலையில்தான் மூச்சு நின்றது. ஹாலில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாக முடிவாகியிருந்தது. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் நாற்காலி காட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ விருந்துக்கு வந்தவர்களைப் போல.

அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசர். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப்பு தொங்குவதால் அவருக்கு டேப்பு என்றே பேர்.

"தப்பா நினைக்காதீங்க. லாரி வந்து நிக்குது. லோடு ஏத்தச் சொல்லி உங்க அண்ணன் போன் பண்ணாரு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லது."

"எந்த லாட்டு?"

"அந்த லாட்டுதான். ஸ்டிக்கர்கூட ஒட்டியாச்சு."

"என்ன ஸ்டிக்கர்?"

"அதை அண்ணன்கிட்டயே கேட்டுக்குங்க" என்றார் டேப்பு. பின்னால் லாரி உறுமுவது கேட்டது.

அப்பா ஆதியில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். யாரோ விற்ற ஏணி நடுவில் முறிந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஆயுசுக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். படுத்த படுக்கையில் ஒரு முடிவுக்கு வந்தாராம்: அந்த ஏணியை விற்றவன் ஒருநாளும் அதில் ஏறி நின்றிருக்க மாட்டான். எழுந்ததும் ஏணி செய்ய ஆரம்பித்தார். ஷெட்டு வளர்ந்தது, மிஷின்கள் வந்தன, ஏறும் வழக்கம் மட்டும் போகவில்லை. ஒரே தவணையில் செய்து முடிக்கிற ஏணிகள் ஒரு லாட்டு. ஒவ்வொரு லாட்டு முடிந்ததும் அதிலிருந்து ஒரு ஏணியை உருவி ஷெட்டின் குறுக்கு உத்தரத்தில் சாய்க்கச் சொல்வார். செருப்பைக் கழற்றுவார். அந்த இடுப்போடு மேல் படிவரை ஏறி, கண்ணை மூடி நிற்பார். அந்த லாட்டில் ஏறப்போகிற முகம் தெரியாத அத்தனை பேருக்காகவும் பிரார்த்தனை. அவர் இறங்கும்வரை ஒரு ஏணியும் வாசலைத் தாண்டக் கூடாது. கீழே இருப்பவர்கள் கும்பிட்டாலும் சரி, டீ குடித்தாலும் சரி, ஒருவரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

அவள் இன்ஜினியர். உற்பத்தி முழுக்க அவள் பொறுப்பு. கடவுள் இல்லை என்று படிக்கிற காலத்திலேயே அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னவள். "மிஷின் நாலு ஆள் எடையை வச்சுப் பாத்துடுது. அப்புறம் நீங்க எதுக்கு ஏறணும்?" என்று மாதம் ஒருமுறையாவது சண்டை பிடிப்பாள். "மிஷின் ஏணியைப் பாக்கும். ஏறுறவனை யாரு பாக்குறது?" என்பார். "அதுக்குத்தான் இன்ஷூரன்ஸ்" என்பாள். அவர் சிரிப்பார். ஏறிவிடுவார்.

இந்த லாட்டு தெருவிளக்கு மாட்டுகிறவர்களுக்கானது. அது முடிந்தபோது அப்பா படுத்துவிட்டார். குணமாகி வந்து ஏறுகிறேன், அதுவரை அசைக்காதீர்கள் என்றார். குணமாகாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முந்தாநாள் அவள்தான் வாயைவிட்டுக் கேட்டாள்.

"நான் ஏறட்டுமாப்பா?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "நீ வேண்டாம்மா. நீ நம்பாத ஆளு. நம்பாதவ ஏறுனா அது வெறும் ஏறுறதுதான். அண்ணனை ஏறச் சொல்லு."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது தண்ணீர் கேட்டுத்தான். தொழிற்சாலையை ராப்பகலாகக் கட்டி மேய்த்தவள் அவள். கடைசியில் ஒரு ஏணியில் ஏறத் தகுதியில்லாதவளாகிவிட்டாள்.

அண்ணனைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. வேளை தவறாமல் கும்பிடுகிறவன். அதில் நடிப்பு கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.

"ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கே?"

"'நிறுவனர் ஏறி நின்று பிரார்த்தித்த ஏணி'ன்னு. ஊருக்குத் தெரியட்டுமே. அவரு இருந்தவரைக்கும் ஒட்ட விடல. இவ்வளவு நாள் மறைச்சே வச்சுட்டாரு."

"மறைக்கல. அதை விக்கல, அவ்வளவுதான்."

"ஏன் இப்படிப் பேசுற? படுக்கையில இருந்துகிட்டே இந்த லாட்டுக்காகப் பிரார்த்தனை பண்ணாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"சரி. ஏறி நின்னாருன்னு போட்டிருக்கியே, எப்ப நின்னாரு?"

அண்ணன் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். துடைத்துக்கொள்ளாமலே திரும்பினான்.

"கடவுளே இல்லேங்கிறவ நீ. உனக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"கடவுள் இருக்காரோ இல்லையோ, பொய் இருக்கு. லாரி நிறைய இருக்கு. அவரு சாவுற வரைக்கும் செய்யாத ஒண்ணை, செத்த அன்னிக்கே அவரு பேர்ல செய்யுறே."

"இன்னிக்கு லோடு போகலேன்னா அந்தத் தெருவிளக்கு கான்ட்ராக்டரை மறந்துட வேண்டியதுதான்."

"போகும். ஒருத்தர் ஏறுன பிறகு போகும்."

ஹாலுக்கு வந்து அம்மாவின் காதோரம் குனிந்தாள். தொழிற்சாலைக்குப் போய்வர வேண்டும் என்றாள். எதற்கு என்றும் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்மணி, பிணத்தைப் போட்டுவிட்டு மகள் எங்கே கிளம்புகிறாள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளவில்லை. "அவரு ஆயிரம் சொல்லுவாரு. உடைஞ்ச இடுப்போட ஏறாதீங்கன்னு நான் சொன்னேன், கேட்டாரா? போயிட்டு வா. நாலு மணி வரைக்கும் அவரு எங்கயும் போயிட மாட்டாரு."

கழற்றி வைத்திருந்த இடது கால் சாக்ஸை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஷெட்டில் மிஷின்கள் ஓடவில்லை. ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தார்கள். லாரியில் பாதி லோடு ஏறியிருந்தது. ஒவ்வொரு ஏணியின் பக்கவாட்டிலும் தங்க நிற ஸ்டிக்கர் மின்னியது. டிரைவர் அவளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எல்லாத்தையும் இறக்குங்க" என்றாள்.

இந்த உத்தரவுக்காகவே காத்திருந்தவர் மாதிரி, டிரைவருக்கு முன்னால் டேப்பே லாரியில் தொற்றி ஏறினார். ஏணிகள் இறங்கி அடுக்காக நின்றன. அப்பா ஒருபோதும் மேலே இருக்கும் ஏணியை எடுக்க மாட்டார். அவளும் அடுக்கின் அடியிலிருந்து ஒன்றைக் காட்டினாள். உருவி உத்தரத்தில் சாய்த்தார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கி வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவன் ஏணியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தான்.

"அப்பா என்னைத்தானே ஏறச் சொன்னாரு."

"ஆமா. ஏறு. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் ஏறி முடித்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும், அப்பா சொன்னதும் நடந்ததாகும். அண்ணன் செருப்பைக் கழற்றினான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி சில படிகள் ஏறினான். ஆளுயரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டான். ஏணி அதிர்ந்தது. அவனுடைய முழங்கால்கள்தான் அதை அதிர வைத்தன. சின்ன வயசில் மொட்டை மாடிக்கே வரமாட்டான்.

"இறங்குண்ணா" என்று மெல்லச் சொன்னாள்.

இறங்கினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "முடியல" என்றான். "அவரு என்னை நம்பினாரு. என்னால முடியல."

"காலுதான் நடுங்குச்சு. அதுல என்ன இருக்கு? இப்படி வந்து நீ பிடி."

அவன் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தாள். அப்பா வேண்டாம் என்று சொன்ன ஏணி. அலுமினியம் சில்லென்றிருந்தது. பாதிக்கு வந்து குனிந்து பார்த்தால், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய நிற்கிறான்.

"கண்ணைத் திறந்து பிடிண்ணா. அப்புறமா கும்பிட்டுக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். செத்த அன்று சிரிக்கக் கூடாது என்று உடனே அடக்கிக்கொண்டார்கள்.

மேல் படியில் நின்றாள். உத்தரத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து இரும்பு வழவழப்பாகத் தெரிந்தது. அவளும் அங்கேதான் கையை வைத்தாள். அப்பா கண்ணை மூடுவார். அவள் மூடவில்லை. கீழே எல்லோருடைய உச்சந்தலையும் தெரிந்தது. டேப்பின் வழுக்கை, லாரி டிரைவரின் நரை, அண்ணனுக்கு நடுவில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதை அவள் பார்த்ததில்லை.

படி பாதத்தை அறுத்தது. எந்தக் கையில் எந்த விளக்கோடு எவன் இங்கே நிற்பான் என்று நினைத்தாள். கல்யாணமானவனாக இருக்கலாம். குடிகாரனாக இருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"வேண்டாம்னு சொன்னீங்க" என்றாள், உத்தரத்தைப் பார்த்து. கீழே கேட்டிருக்காது. "ஏறிட்டேன். இப்பவும் நான் நம்பல. உங்க ஆளு அங்க இருந்தா அவருகிட்ட சொல்லிடுங்க. இந்த லாட்டுல ஏறுற ஒருத்தனும் விழக் கூடாது. கெஞ்சல. சொல்றேன்."

அப்பா எவ்வளவு நேரம் நிற்பாரோ அவ்வளவு நேரமும் நின்றாள். கால் கெஞ்சியபிறகும் நின்றாள்.

இறங்கியதும் செய்த முதல் வேலை, அந்த ஏணியின் ஸ்டிக்கரில் நகத்தைக் கொடுத்ததுதான். சுலபத்தில் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். பிறகு அடுக்கின் மறுபக்கம் போய் உட்கார்ந்து அவனும் உரிக்கத் தொடங்கினான்.

"நல்ல பசை" என்றான். "மலிவா எதையும் வாங்கலே."

"உன் புத்தி எங்க போகும்" என்றாள் அவள்.

ஆளுக்கொரு ஏணியாக எல்லோரும் உரித்தார்கள். டிரைவர் லாரிச் சாவியால் சுரண்டினார். லோடு ஏறி லாரி வாசலைத் தாண்டியபோது அண்ணன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான். அவசரத்தில் ஓடி ஏறினாள். பாதி வழியில்தான் செருப்பு அங்கேயே கிடப்பது தெரிந்தது.

ஹாலில் கூட்டம் சேர்ந்திருந்தது. அப்பாவின் இரண்டு கால்களிலும் சாக்ஸ் ஒழுங்காக ஏறியிருந்தது. அம்மா எப்படியோ ஜெயித்திருக்கிறாள். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் சரிந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். வெறுங்காலைப் பார்த்த அம்மா, பாதத்தைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்காலின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

"எவ்வளவு நேரம் நின்னே?"

"அப்பா நிக்கிற அளவு."

"அது ரொம்ப நேரமாச்சே" என்றாள் அம்மா.

எழுந்து உள்ளே போனாள். எண்ணெய்ச் சீசாவோடு திரும்பி வந்தாள். லாட்டு முடிகிற நாளிலெல்லாம் சாயங்காலம் திட்டிக்கொண்டே அப்பாவின் காலுக்குத் தேய்த்துவிடுகிற அதே எண்ணெய். அத்தனை பேர் பார்க்க மகளின் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டின் மேல் அழுத்தி நீவினாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் வந்து அம்மாவின் தோளைத் தொட்டான்.

"இருடா" என்றாள் அம்மா. பிறகு மகளிடம், "அந்தக் காலையும் காட்டு" என்றாள்.