காலியாக விட்ட கட்டம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்குப் போக வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். பேத்தி கல்யாணத்துக்கும் அப்படித்தான். முந்நூறு உறவினர் பெயர்களை மருமகள் கணினியில் ஏற்றினாள். அலுவலகத்திலும் அவளுக்கு அதே வேலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உறவு' என்று ஒரு கட்டம். அதில் 'உண்டு' அல்லது 'விலக்கு' என்று நான் சொல்லச் சொல்ல நிரப்பினாள்.

அடுத்து என் தங்கை பெயர் வந்தது. முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். 'உண்டு' என்றால் அன்று நான் போட்ட கூச்சலுக்கு என்ன மரியாதை? 'விலக்கு' என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"அதை அப்படியே விடும்மா" என்றேன்.

ஆனால் அவள் வரவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பத்தோடு பதினொன்றாகப் பத்திரிகை போய்விட்டால் நான் இறங்கி வந்ததாக இராது. அதனால், "விலக்கு இல்லாத எல்லாருக்கும் அனுப்பிடு" என்றேன்.

வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"நான் விலக்குன்னு சொன்னேனா?"

"சொல்லலை மாமா. உண்டுன்னும் சொல்லலையே. காலியா விட்டா, தெரியாதுன்னு எடுத்துக்கும். தெரியாதது விலக்கா இல்லையான்னு கேட்டா, அதுவும் தெரியாதுதான். ஆமான்னு பதில் வந்த பேரை மட்டுந்தான் குடுக்கும்."

"அப்போ விலக்குப் பட்டியல்ல இருக்காளா?"

"அதுலயும் இல்லை."

"நல்ல மெஷின்! உள்ளயும் விடாது, வெளியயும் அனுப்பாது."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இன்னொருத்தரும் விட்டுப்போயிருக்கார் மாமா. நீங்க."

என் பெயருக்கு எதிரே எதுவும் எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. என்னை யார் கேட்பது?

"சரி, ரெண்டும் காலி. அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணுன்னாவது சொல்லுமா?"

"அதுவும் சொல்லாது. ரெண்டுமே தெரியாதப்போ ஒண்ணான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றவள் குரலைத் தணித்தாள். "காலியா இருந்தாலும் சேர்த்துக்கன்னு ஒரு வரி போட்டுடறேன். நீங்க எதுவும் சொல்லவே வேண்டாம்."

இத்தனை நாள் நான் தேடிய வழி அதுதான். காதில் விழுந்ததும் உடம்பு கூசியது. என்னைப் பெற்றவர்கள் பெற்ற பெண், ஒட்டுப்போட்ட ஒரு வரியில் நுழைந்து வருவதா?

"வேண்டாம். அவ கட்டத்துல உண்டுன்னு எழுது."

எழுதினாள். "உங்களுக்கு என்ன எழுத?"

"அதை அவதான் சொல்லணும். நம்பரைப் போட்டுக் குடும்மா, நானே பேசறேன்."