அத்திமரமும் கார் உறை விளம்பரமும்

உயிரியல் டீச்சருக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தத் திங்கட்கிழமை அவர் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்து போகாதது ஆச்சரியம். பள்ளிக்குப் பின்னால் நிற்கும் அத்திமரத்தை வெட்டலாமா என்று வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்களாம். மரத்தில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களால் பிள்ளைகளுக்கு நோய் வரும் என்று யாரோ ஒரு பெற்றோர் புகார் சொல்லியிருக்கிறார்.

"யாரு மேடம் அது?" என்று தலைமையாசிரியையிடம் டீச்சர் கேட்டார்.

"பேரைச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. நீங்க மரத்துக்காகப் பேசறதா இருந்தா தாராளமாப் பேசுங்க. ஆனா பாவம் வௌவால்னு கண்ணைக் கசக்கக் கூடாது. ஆதாரத்தோட வரணும்."

டீச்சருக்குப் பாதிப் பாடம் அந்த மரத்தடியில்தான். மகரந்தச் சேர்க்கை, விதை பரவல், பாலூட்டி என்று எதை எடுத்தாலும் ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் போதும், உதாரணம் தலைகீழாகத் தொங்கும். மரம் போனால் சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டித்தான் பிழைக்க வேண்டும். அதைவிட வேலையை விட்டுவிட்டு வீட்டில் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கலாம் என்பது அவர் கட்சி.

ஆசிரியர் அறையில் எல்லோருக்குமாக ஒரே கணினி. கடவுச்சொல்லைத் திரையின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு ரகசியம். யார் போய் உட்கார்ந்தாலும் அதே கணக்கு, அதே தேடல் பக்கம். டீச்சர் 'வௌவால்' என்று தட்டினார். 'வௌவாலை விரட்ட எளிய வழிகள்' என்று வந்தது. 'வௌவாலின் நன்மைகள்' என்று தட்டினார். வௌவால் வராமல் வலை அடித்துத் தருபவரின் தொலைபேசி எண் வந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் கார் உறை, கார் பாலிஷ், கறை நீக்கும் திரவம் என்று விளம்பரங்கள் வேறு பல்லைக் காட்டின. டீச்சரிடம் இருப்பதோ ஒரு பழைய ஸ்கூட்டர். அதற்கு உறை போட்டால் திருடன்கூட எடுத்துப் பார்க்க மாட்டான்.

"உலகத்துல வௌவாலைப் பிடிச்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?" என்று அலுத்துக்கொண்டார்.

"விட்டுத்தள்ளுங்க டீச்சர். மரம் போனா என்ன, வீடியோ போட்டு நடத்திக்கலாம்," என்றார் கணக்கு சார். மற்றவர் விஷயத்தில் வாயே திறக்காத மனிதர். அன்று என்னவோ திறந்தார்.

எதிர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழ் ஐயா எழுந்து வந்தார். ஐயா என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். அந்த அறையிலேயே இளையவர் அவர்தான். ஐயா என்பது பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பட்டம்.

"அக்கா, இது நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லல. இங்க உட்கார்ந்தவங்க இதுக்கு முன்னாடி என்ன கேட்டாங்களோ அதை வச்சுச் சொல்லுது. நான் பாடத்துக்காகக் காந்தள் பூன்னு தேடினப்ப மூணு பூக்கடை விலாசம் குடுத்துச்சு. அன்னிக்கே வேற வழி பார்த்துக்கிட்டேன்."

"வேற வழின்னா? தேடறதுக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதானே?"

"ஊர்ல ஒரே ஒரு கடைதான் இருக்குன்னு யாருக்கா சொன்னது?"

ஐயா இரண்டு கடைகளைக் காட்டினார். ஒன்று, யார் என்ன தேடினார்கள் என்பதை ஞாபகமே வைத்துக்கொள்ளாத தேடுபொறி. இன்னொன்று, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் தளம். டீச்சர் வௌவாலை மறுபடி தட்டினார். விலாசம் இல்லை, விளம்பரம் இல்லை. பக்கம் பக்கமாக வௌவால். எந்த மரத்தின் விதையை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறது, எந்தப் பூவுக்கு மகரந்தம் சுமக்கிறது என்று யார் யாரோ ராத்திரி முழுக்க மரத்தடியில் விழித்திருந்து எழுதியிருந்தார்கள். தனக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று டீச்சர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை டீச்சரின் முகம் மறுபடி சுருங்கியது.

"ஐயா, இதைப் பாருங்க. சில இடங்கள்ல வௌவால்கிட்டேருந்து நோய் வந்திருக்குன்னு போட்டிருக்கு. கீழ விழுந்து கிடக்கறதைத் தொடக் கூடாதாம், அது கடிச்ச பழத்தைத் தின்னக் கூடாதாம். இந்தக் கட்டுரையை மட்டும் விட்டுடலாமா?"

"விட்டுட்டா, அந்த வலை அடிக்கிறவருக்கும் உங்களுக்கும் என்னக்கா வித்தியாசம்?"

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அந்தக் கட்டுரையையும் அச்செடுத்தார்.

அச்சு வரும்வரை சும்மா இருக்க முடியாத மூளை அவருடையது. இதற்கு முன்னால் உட்கார்ந்தவர் கேட்டதைத்தான் இந்தக் கணினி சொல்கிறது என்றால், வௌவாலை விரட்டவும் கார் உறை வாங்கவும் தேடியது யார்? ஜன்னல் வழியாகப் பார்த்தார். அத்திமரத்தடியில் கணக்கு சாரின் புத்தம்புது வெள்ளைக் கார் நின்றது. வெள்ளை என்பது வாங்கிய அன்றைய நிறம். இப்போது கூரை முழுக்க வௌவால்கள் கோலம் போட்டிருந்தன. சாரின் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஆக, அவரும் ஒரு பெற்றோர்.

டீச்சரின் நாக்கு அரித்த அரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் மட்டும் சொன்னார். அது சொன்னதாகக் கணக்கில் வராது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கணக்கு சார் பெற்றோர் வரிசையில் கடைசி நாற்காலியில் பதுங்கியிருந்தார். டீச்சர் நல்லதையும் சொன்னார், கெட்டதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப ஆபத்து இருக்குன்னு நீங்களே சொல்றீங்களே?" என்றார் முன்வரிசை அம்மா ஒருவர்.

"இருக்கும்மா. தொடாம இருந்தா ரொம்பக் குறைவு. மரத்தைச் சுத்தி வேலி போடணும், தண்ணித் தொட்டிக்கு மூடி போடணும், விழுந்த பழத்தைப் பசங்க எடுக்கக் கூடாது. வெட்டினா இதுங்க எங்கயும் காணாமப் போயிடாது. கலைஞ்சு போய் உங்க வீட்டுப் பக்கத்து மரத்துலதான் தொங்கும்."

அந்த அம்மா தன் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை நினைத்துக்கொண்டார் போல. அவசரமாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு," என்று டீச்சர் கடைசி நாற்காலியைப் பார்த்தார். "வேலி போட்டா மரத்தடியில வண்டி நிறுத்த முடியாது. முன்பக்கக் கொட்டகையில என் ஸ்கூட்டரை எடுத்துட்டா ஒரு கார் தாராளமா நிக்கும். காரு வச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா நிறுத்திக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல."

மரம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைமையாசிரியை. முதலில் உயர்ந்தது கடைசி நாற்காலியின் கை. காது மடல் சிவந்திருந்தாலும் கை நேராகத்தான் நின்றது. மற்ற கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. தலைமையாசிரியை எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை தமிழ் ஐயாவை நடையிலேயே ஓரங்கட்டி, "அந்த ஞாபகம் வச்சுக்காத தேடுபொறி பேரு என்னப்பா?" என்று கணக்கு சார் கேட்டதை ஆசிரியர் அறையே கேட்டது.

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினார். கொட்டகையைக் கணக்கு சாரின் காருக்குக் கொடுத்துவிட்டு வெட்டவெளியில் விட்டிருந்த ஸ்கூட்டரைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பெரிய மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். பிரித்து இரண்டு நாள்கூட ஆகாத கார் உறை. ஸ்கூட்டரை இரண்டு சுற்றுச் சுற்றியும் தரையில் மிச்சம் கிடந்தது.