மூன்று நிறப் பொட்டு

ஆறாம் நம்பர் லேத்தின் டிரைவ் மூன்றாம் தடவையாக ரிப்பேர் அறைக்கு வந்தபோது, அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த இருவரும் ஜெயகரனின் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. முந்தின இரண்டு தடவையும் அதைச் சரிசெய்து அனுப்பியவன் அவன்தான்.

செகந்திராபாத் பக்கம் மௌலா அலி ஸ்டேஷனைத் தாண்டி இருந்த அந்த அரசாங்க ஆலையில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேருக்கு இரண்டே பேர்: ஜெயகரன், அவனுக்கு மூன்று வருஷம் ஜூனியரான சாரங்கபாணி. சாரங்கபாணி கைவைத்த டிரைவ் போனால் போனதுதான், திரும்பி வராது. ஜெயகரன் கைவைத்தது ஒரு மாதத்துக்குள் வந்து நிற்கும். 1984-ஆம் வருஷம் முழுக்க இதே கதை. இந்த நேரத்தில்தான் போர்மனுக்கு அடுத்தபடியான சார்ஜ்மேன் பதவி ஒன்று காலியானது. போர்மன் ராமசுவாமி வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பெயரை மேலே எழுதி அனுப்ப வேண்டும்.

“சாந்தா இப்பவே சார்ஜ்மேனுக்குத் தர்ற பெரிய குவார்ட்டர்ஸைச் சுத்திப் பாத்துட்டு வந்துட்டாளாம்” என்று ஜெயகரனின் மனைவி ஞானசௌந்தரி காலையில் தோசையோடு சேர்த்துப் பரிமாறியிருந்தாள். சாந்தா, சாரங்கபாணியின் மனைவி.

“பாக்கட்டும், பாக்கட்டும். ஸ்டோர்கீப்பரைக் கைக்குள்ள போட்டு நல்ல சரக்கா வாங்கி வச்சுக்கிட்டா, யார் வேணாலும் ரிப்பேர் பண்ணலாம்” என்றான் ஜெயகரன். பாதித் தோசையோடு எழுந்துவிட்டான்.

அவன் வேலை தெரியாதவன் இல்லை. லேத்தின் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை, குழாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் விட்டு நிறுத்துவதுதான் டிரைவின் வேலை. திறந்திருக்கும் நேரம் கூடினால் மோட்டார் வேகமாகச் சுற்றும். அந்தக் குழாய்தான் டிரான்சிஸ்டர். இரண்டு கால் முளைத்த உலோகத் தொப்பிபோல் இருக்கும். மூன்றாவது கால் தொப்பியேதான். ஒன்று தாங்காது என்று மூன்றை அருகருகே பூட்டியிருப்பார்கள்.

ஜெயகரன் மூன்றையும் கழற்றினான். போர்டில் இருக்கும்போதே சோதித்தால் பக்கத்து உறுப்புகள் வழியாக மின்சாரம் சுற்றிவந்து மீட்டரை ஏமாற்றிவிடும். முதல் காலிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஒரு திசையில் மட்டும் முள் ஆட வேண்டும். மற்ற இரண்டுக்கும் இடையில் எப்படி வைத்தாலும் ஆடவே கூடாது. மூன்றிலும் முள் மறுகோடிக்கே போய்ப் படுத்தது. மூன்றும் காலி.

ஸ்டோரில் சரக்கு இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சாரங்கபாணி மகனுக்கு மொட்டை போடத் திருப்பதி போயிருந்தான். அவன் டிராயருக்குப் பூட்டு கிடையாது.

உள்ளே ஒரு பிஸ்கட் டப்பாவில் அதே நம்பர் டிரான்சிஸ்டர்கள் மூன்று குவியலாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் நகப்பாலிஷால் ஒரு பொட்டு. ஒரு குவியலுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு ரோஸ், ஒன்றுக்கு வெள்ளை. குவியலுக்கு ஆறு. ‘பதுக்கி வச்சிருக்கான், பாரு. அடையாளம் வேற’ என்று ஜெயகரனுக்கு வயிறு எரிந்தது. ஒரே குவியலில் மூன்றை எடுத்தால் பாதி குறைந்து பளிச்சென்று தெரியும். ஆகவே சிவப்பில் ஒன்று, ரோஸில் ஒன்று, வெள்ளையில் ஒன்று எடுத்துக்கொண்டான். எல்லாம் ஒரே நம்பர்தானே.

அடியில் மைக்கா தகடு வைத்து, வெள்ளைப் பசை தடவி, சூட்டை வெளியேற்றும் அலுமினியக் கட்டையான ஹீட் சிங்க்கில் திருகாணிகளைச் சீராக முடுக்கினான். நேரடியாகக் கரண்ட் கொடுக்காமல் நூறு வாட் பல்பு ஒன்றை வழியில் கோத்துக் கொடுத்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது. சுத்தம்.

புதன்கிழமை காலை ஆறாம் நம்பர் லேத் பம்பரம்மாதிரி சுற்றியது. போர்மன் தலையை ஆட்டினார். ஜெயகரன் டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு இரும்புத் தண்டை ஏற்றி ஆழமாகச் சீவத் தொடங்கினார்கள். இருபதாவது நிமிஷம் பட்டாசு வெடித்த சத்தம், கருகல் வாடை.

வியாழக்கிழமை சாரங்கபாணி லட்டோடு வந்தான். மகனோடு சேர்ந்து அவனும் மொட்டை.

“என்ன வே, தலை ஹீட் சிங்க் மாதிரில்லா மினுங்குது” என்றான் ஜெயகரன், எரிச்சலை மறைத்து.

“காத்தோட்டமா இருக்குண்ணே. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.” சிரித்துக்கொண்டே சாரங்கபாணி மேஜைமேல் கிடந்த டிரைவின் மூடியைத் தூக்கினான். சிரிப்பு நின்றது. சிவப்பு, ரோஸ், வெள்ளை, வரிசையாக.

மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினான். “ஒண்ணொண்ணும் ஒரு விதம்ணே. நம்பர் ஒண்ணா இருந்தாலும் கரண்டை ஒண்ணு இருபது மடங்கு பெருக்கும், ஒண்ணு நாப்பது பெருக்கும். ஒரே மாதிரி பெருக்கறதுக்கு ஒரே நிறப் பொட்டு வச்சேன். கலந்து போட்டா நாப்பதுக்காரன்தான் பாரம் பூரா இழுப்பான். சூடாவான், சூடானா இன்னும் இழுப்பான். அவன் செத்தா அடுத்தவன்.”

ஜெயகரனுக்குச் சட்டென்று பிடிபட்டது. போன மாதம் செகந்திராபாத்தில் சித்தப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியபோது, எல்லோரையும்விட உயரமான அவன் தோள்தான் இரண்டு நாள் வீங்கிக் கிடந்தது. சும்மா நிற்கும்போது பல்பு எப்படிக் காட்டும்? பாரம் ஏறினால்தானே தெரியும்! முந்தின இரண்டு தடவையும் செத்த ஒன்றை மட்டும் மாற்றி, மிச்ச இரண்டை அப்படியே விட்டதும் இதே தப்புத்தான். விஷயம் புரிந்த சந்தோஷம் ஒரு நொடி. தனக்கு முன்னால் இவனுக்குப் புரிந்திருக்கிறதே என்ற எரிச்சல் அதற்கடுத்த நொடி.

வெளியே போர்மனின் செருப்புச் சத்தம் கேட்டது. சாரங்கபாணி பெயின்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்தான். “பொட்டை அழிச்சிடறேன். பழைய ஸ்டோர் சரக்குன்னு சொல்லிடுங்க” என்றான் மெதுவாக.

அத்தனை நாள் வயிறு எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்றானது. வேலையில் ஜெயித்தான், சரி. இப்போது பெரிய மனசிலும் ஜெயிக்கப் பார்க்கிறான். இவன் தயவில் பெயர் வாங்கி, ஆயுசுக்கும் இந்த மொட்டையைப் பார்த்துத் தலை குனிவதா? ஜெயகரன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நக்கோ வே, வேண்டாம். துணியைக் கீழ வையும்.”

போர்மன் உள்ளே வந்ததும் அவனே சொன்னான். “இவர் டிராயர்ல இருந்து கேக்காம எடுத்தேன் சார். பொட்டு நிறம் பாக்காம சேராததைச் சேத்துப் போட்டு வெடிக்க வச்சேன்.”

ராமசுவாமி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “சரி. ஏம்ப்பா சாரங்கபாணி, இந்தப் பொட்டு விவகாரத்தை இத்தனை நாளா இவர்கிட்ட ஏன் சொல்லலை? நாலு தடவை லேத் நின்னிருக்கு.”

சாரங்கபாணி தலையைத் தடவினான். “சார்ஜ்மேன் ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன் சார்.”

“நல்லா இருக்கு! ஒருத்தன் திருடறான், ஒருத்தன் ஒளிச்சு வைக்கிறான். சாயங்காலத்துக்குள்ள லேத் ஓடணும். ரெண்டு பேரும் உக்காருங்க.”

ஓடியது. வெள்ளிக்கிழமை போர்மன் எழுதி அனுப்பிய பெயர் சாரங்கபாணியுடையதுதான். ஜெயகரன் கை கொடுத்தான். பொறாமை குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் சாரங்கபாணிக்கும் தன்மேல் பயம் இருந்திருக்கிறது, ஒளித்துவைக்கும் அளவுக்கு. சைக்கிளை மிதிக்கும்போது அதை நினைத்துக்கொண்டான். கொஞ்சம் இனித்தது.

“யாருக்கு?” என்றாள் ஞானசௌந்தரி, வாசலிலேயே.

“அவனுக்குத்தான்.”

“நீங்க ஏன் சிரிக்கிறீங்க?”

“சாப்பாட்டைப் போடு” என்றான் ஜெயகரன்.