நூற்றுப் பன்னிரண்டு பேர்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருடா வருடம் தை மாதத்தில் கிளை மாநாடு நடக்கும். செயலாளர் எழுந்து வேலை அறிக்கை வாசிக்க வேண்டும். போன வருடம் என்ன செய்தோம், எதில் கோட்டை விட்டோம், எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று எல்லாம் அதில் வரும். வாசித்து முடித்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து கிழி கிழியென்று கிழிப்பார்கள். பிறகு கை தூக்கி நிறைவேற்றிவிட்டு டீ குடிப்போம். கோம்பைக் கிளைக்கு நான் பத்து வருடம் செயலாளர். பத்து அறிக்கையும் நாகராஜ் ஆகிய நான் என் கைப்பட எழுதியவை.

எனக்குத் தொழில் சைக்கிள் கடை. கல்யாணம் ஆகவில்லை. கோபக்காரன் என்று ஊருக்குள் பெயர். அது சரியான பெயர்தான்.

தொண்ணூற்றாறில் ஏழு ஆம்பளைகள் என் கடைக்குப் பின்னால் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து கிளையைத் தொடங்கினோம். அந்த வருடச் சாதனை, கொடிக்கம்பம் நட்டது. அடுத்த வருடச் சாதனை, ஆடிக் காற்றில் சாய்ந்த அதே கம்பத்தை மறுபடி நட்டது. சிரிக்காதீர்கள், இரண்டையும் அறிக்கையில் தனித்தனிப் பத்தியாகவே எழுதினேன். தொண்ணூற்றெட்டில் மூன்று தெருவிளக்கு. அதற்கடுத்த வருடம் காலனி முக்கில் டவுன் பஸ்ஸை நிற்க வைத்தோம். இரண்டாயிரத்தில் ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. உலக நிலைமை என்று நாலு பக்கம் எழுதி ஒப்பேற்றினேன்.

கிளைக்கு உயிர் வந்தது இரண்டாயிரத்து இரண்டில். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் ஜீப் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். ரேஷன் கடையோ அவர்கள் மலையில் இருக்கும்போது திறந்து, இறங்குவதற்குள் பூட்டிவிடும். நாங்கள் ஏழு பேரும் இதற்காக மனு எழுதி எழுதியே பேனாவைத் தேய்த்தோம். ஒருநாள் பஞ்சம்மாள் என்கிற ஐம்பது வயதுக்காரி ஜீப்பிலிருந்து இறங்கினார். வீட்டுக்குப் போகாமல் நேரே போய்ப் பூட்டிய ரேஷன் கடை வாசலில் மண்ணெண்ணெய் கேனைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவரோடு ஒரு ஜீப் ஆட்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் நாற்பது பேர், ஏலக்காய்க் கறை போகாத கையோடு. நான்காம் நாள், வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டு மணி வரை கடை திறந்திருக்கும் என்று உத்தரவு வந்தது.

கொடியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள் ஏழு பேரும்தான். ஆனால் அந்த வருட அறிக்கையில் ‘கிளையின் தலைமையில்’ என்று எழுதினேன். புது உறுப்பினராக வந்து உட்கார்ந்திருந்த பஞ்சம்மாக்கா எழுந்தார்.

“தலைமையா? நீங்க வர்றப்ப டீயே வந்துருச்சே தோழர்!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. அடித்துத் திருத்தினேன். அவரோடு சேர்த்து நாற்பத்தொரு பெண்கள் அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்களானார்கள். டயர்கள் போதாமல் பாதிப் பேர் தெருவில் நின்றார்கள்.

இப்போது என் யோக்கியதைக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் தேனியில் மாவட்டக் கூட்டம். ஒவ்வொரு கிளைச் செயலாளரும் எழுந்து பெண் உறுப்பினர் எத்தனை என்று சொல்ல வேண்டும். கெங்குவார்பட்டி ஞானசிகாமணி எழுந்தார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், எங்கே கூட்டம் என்றாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவர். “எண்பத்தாறு” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நான் எழுந்து, “கோம்பை, நூத்திப் பன்னெண்டு” என்றேன்.

நூற்றுப் பத்து என்று சொல்லியிருந்தால் பொய் என்று தெரிந்துவிடும் இல்லையா, அதனால் பன்னிரண்டு. உண்மையில் அதே பழைய நாற்பத்தொரு பேர்தான் இருந்தார்கள்.

கை தட்டினார்கள். எங்கள் தாலுகாச் செயலாளர் உமர் பாருக்குக்கு முகமெல்லாம் பல். உத்தமபாளையத்துக்காரர். தனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதால் மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே நம்புகிற மனிதர். அன்றைக்கே எழுந்து பேசி, மே மாதம் நடக்க வேண்டிய மாவட்டப் பெண்கள் மாநாட்டைக் கோம்பைக்கு வாங்கிவிட்டார். ஊர்வலத்துக்கு முன்னால் கோம்பைப் பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் பேட்ஜ் குத்திக்கொண்டு அணிவகுத்து வருவார்கள் என்று தீர்மானமே போட்டார்கள். பத்தே நாளில் பேட்ஜ் கட்டு என் கடைக்கு வந்து சேர்ந்தது. பிரித்து எண்ணிப் பார்த்தேன். மிகச் சரியாக நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

பொய் அறிக்கை கொடுத்தவனுக்கு எங்கள் சங்கத்தில் என்ன தண்டனை என்பது எனக்கு மனப்பாடம். பொறுப்பு போகும். உறுப்பினராக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அடுத்த கிளை மாநாடு முடிவு செய்யும். பொறுப்பு போனால் போகட்டும். சங்கத்தை விட்டே வெளியேற்றிவிட்டால்? கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார எனக்கு வேறு இடம் கிடையாது.

ஒரு வாரம் பேட்ஜ் கட்டை டயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய் பஞ்சம்மாக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். கையிலிருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

“ஏன் தம்பி, நாங்க நாப்பத்தொரு பேரு இருக்கோமே, அது ஒனக்குக் கேவலமா இருந்துச்சா?”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. “இல்லக்கா…” என்றேன்.

“ஒம் பொய்யக் காப்பாத்த நான் ஆள் சேக்கப் போறதில்ல. ஆனா மாநாடு நம்ம ஊருக்கு வந்துருச்சு. எங்களுக்குச் சொல்றதுக்கு ஒரு விசயம் இருக்கு. அதுக்காகச் சேக்குறேன். மாநாடு முடியவும் நீயே கிளையில ஒத்துக்கிறணும். நான் ஒன்னைய நெனவுபடுத்த மாட்டேன்.”

அவர் சொன்ன விசயம் ஜீப். பன்னிரண்டு பேர் உட்காருகிற ஜீப்பில் இருபத்திரண்டு பேரை அடைப்பார்கள். மடியில் ஆள், பின்னால் தொத்திக்கொண்டு ஆள். போன மழையில் கம்பம்மெட்டு வளைவில் ஒரு ஜீப் சாய்ந்து, முருகம்மாள் என்கிற பெண்ணுக்கு இடது கை விளங்காமல் போனது. அதைப் பற்றி நான் ஒரு மனு எழுதியிருந்தேன். மனுவோடு சரி.

பஞ்சம்மாக்கா ஆள் சேர்த்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து தோட்டத்துக்குப் போகிறவை மொத்தம் ஆறு ஜீப். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய ஜீப், அவளுடைய இடம் என்று இருக்கும். மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பஞ்சம்மாக்கா மாற்றினார். ஒரு வாரம் ஒரு ஜீப் என்று வைத்துக்கொண்டார். மேலே போக ஒன்றரை மணி நேரம், கீழே வர ஒன்றரை மணி நேரம். நான் பத்து வருடம் தெருத் தெருவாக நோட்டீஸ் ஒட்டினேன். எந்நேரமும் பூட்டிக் கிடந்த வீடுகளின் சுவர்களில் ஒட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஒன்றாக உட்காருகிற ஒரே இடம் அந்த ஜீப். கிளைக்கூட்டம் தினமும் இரண்டு வேளை அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது, செயலாளனுக்குத்தான் தெரியவில்லை.

மாநாட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. பேட்ஜ் கட்டோடு மண்டப வாசலில் நின்றேன். ஐம்பது பேர் வந்தால் பெரிய விசயம் என்று நினைத்திருந்தேன். முதல் ஜீப் வந்தது. உள்ளே பன்னிரண்டு பேர். எண்ணிப் பன்னிரண்டே பேர், காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்து வந்தார்கள். அரை மைல்தான், நடந்தே வந்திருக்கலாம். ஆனால் ஒரு ஜீப்பில் மனுசர் எப்படி உட்கார வேண்டும் என்பதை ஊருக்குக் காட்டுவதற்காகவே டிரைவர்களிடம் பேசி வைத்திருந்தார்கள். அடுத்த ஜீப், அதற்கடுத்த ஜீப் என்று வந்துகொண்டே இருந்தது. ஆறும் வந்து இறக்கிவிட்டுத் திரும்பின. முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாம் நடை வந்தது. மறுபடியும் பன்னிரண்டு பன்னிரண்டாக!

கடைத்தெருவில் இருந்தவர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். டீக்கடையில் ஒருத்தன் கிளாஸைக் கையில் வைத்தபடி வாயைப் பிளந்தான். பேட்ஜ் தீர்ந்துபோனது. மிச்சப் பேருக்குக் கொடித் துணியைக் கிழித்துக் குத்திவிட்டோம். அன்று கோம்பையில் இருந்து மட்டும் வந்த பெண்கள் நூற்று நாற்பத்து நான்கு பேர். மலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதை அண்ணாந்து பார்த்து நின்றதில்லை. அன்று இந்தப் பெண்களைப் பார்த்துத்தான் அப்படி நின்றேன்.

உமர் பாருக் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன தோழர், நூத்திப் பன்னெண்டுனு கொறச்சில்ல சொல்லிட்டீக! ஒங்க அடக்கம் யாருக்கும் வராது.”

பொய் தானாக உண்மையாகிவிட்டது. இனி யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. தெரிந்த ஒரே ஆள் பஞ்சம்மாக்கா. அவர் சொன்னபடியே எனக்கு நினைவுபடுத்தவில்லை. நான் பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் விடியலில் அவருடைய ஜீப் என் கடையைத் தாண்டிப் போகும். அவர் இந்தப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்ப்பேன். திரும்ப மாட்டார். பதினோராம் நாள் கிளையைக் கூட்டி, உமர் பாருக்கையும் வரச் சொல்லி, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உமர் பாருக்கின் முகம் வாடிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

பொறுப்பு போனது. பஞ்சம்மாக்கா செயலாளரானார். என் உறுப்பினர் விசயத்தைத் தை மாநாட்டில் முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

அந்த ஏழு மாதம் கடையில் இருந்தபடியே பார்த்தேன். பதின்மூன்றாவது ஆள் ஏறினால் உள்ளே இருக்கிற பன்னிரண்டு பேரும் சத்தமில்லாமல் இறங்கிவிடுவார்கள். கூச்சல் கிடையாது, கோஷம் கிடையாது. ஐந்து நாள் ஒரு ஜீப்கூட மலை ஏறவில்லை. ஆறாம் நாள் தோட்டத்துக்காரர்கள் கூடுதலாக ஐந்து ஜீப் அனுப்பினார்கள். நான் செயலாளராக இருந்திருந்தால் இதற்கும் மனுதான் எழுதியிருப்பேன்.

இரண்டாயிரத்து ஏழு தை. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கிளை மாநாடு. நான் உள்ளே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் கால் வரவில்லை. செருப்புகள் கிடந்த வாசலில் நின்றேன்.

பஞ்சம்மாக்காவுக்கு எழுதத் தெரியாது. எழுதித் தர நாலு பேர் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். வெறுங்கையோடு மைக்குக்கு முன்னால் வந்தார்.

“நம்ம கெளையில யாரு யாரு இருக்காகனு சொல்றேன். அதான் அறிக்க.”

முதல் ஜீப்பில் தொடங்கினார். முன்சீட்டில் உட்காருகிறவர் பெயர், பக்கத்தில் உட்காருகிறவர் பெயர், ஒவ்வொருவரும் இந்த வருடம் என்ன செய்தார் என்று ஒரு வரி. ஜக்கம்மா, காய்ச்சலோடு வந்து ஜீப்பை விட்டு இறங்கி நின்றாக. மதீனா, மேஸ்திரிகிட்ட மலையாளத்துலயே பேசி மல்லுக்கட்டுனாக. முருகம்மா, கை விளங்காட்டியும் அஞ்சு நாளும் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சி ஊத்துனாக. ஒரு பெயர் தப்பவில்லை, ஒரு இடம் மாறவில்லை. ஒரு மணி நேரம் தாண்டியது. கூடத்தில் ஒருவர் அசையவில்லை. தங்கள் பெயரை மைக்கில் கேட்ட பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பெண்ணை ஊரே பிச்சைமணி பொண்டாட்டி என்றுதான் கூப்பிடும். எனக்கும் வேறு பெயர் தெரியாது. பஞ்சம்மாக்கா, “வெள்ளத்தாய்” என்றார். அந்த அம்மாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு அழுதுவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருடம் நான் எழுதியது வெறும் எண்கள்.

பெண்கள் முடிந்து ஆண்களுக்கு வந்தார். தொண்ணூற்றாறில் டயர் மேல் உட்கார்ந்தவர்களில் ஆறு பேரைச் சொன்னார். நிறுத்தினார்.

“இன்னும் ஒரு பேரு இருக்கு. அத நானாச் சொல்ல முடியாது. இந்தக் கெளையைப் பத்திப் பொய் சொன்னவரு. கெளதான் சொல்லணும்.”

நான் குனிந்து என் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். அப்போது வெள்ளத்தாய் எழுந்தார். மைக் பக்கம் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே, வாசலைப் பார்த்துப் பேசினார்.

“அவரு அன்னைக்குச் சொன்ன கணக்குல நாப்பத்தொரு பேருதேன் நெசம். மிச்ச ஆளுக பொய்யி. அந்தப் பொய்யில ஒருத்தி நானு. என்னைய யாருமே ஒரு ஆளா எண்ணாதப்ப, நான் சேரும் முன்னயே என்னையச் சேத்து எண்ணுன மனுசன் அவரு ஒருத்தர்தேன். நாகராஜ் இருக்கட்டும்.”

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். அடுத்து முருகம்மாள், நல்ல கையை. அதற்குப் பிறகு எத்தனை கை எழுந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைக்கத் துடைக்க நிறைந்துகொண்டே இருந்தது. உமர் பாருக் எழுந்து எண்ணப் போனார். பஞ்சம்மாக்கா அவரைக் கையமர்த்தினார்.

“எண்ண வேண்டாம் தோழர். எல்லாரும் இருக்காக.”