உதறாத மோட்டார்

பெருங்குடியில் ஓர் ஐ.டி. கட்டடத்தின் மொட்டைமாடி முழுவதும் கார் நிறுத்தும் இடம். வார நாட்களில் அங்கே ஒரு ஸ்கூட்டர் நுழைய வழியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறிச்சென்று கிடக்கும். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பச்சைக் குழாய்களைத் தரையில் வளைத்து ஒட்டி, அதைப் பந்தயப் பாதையாக மாற்றியிருந்தது ஒரு சிறு கூட்டம். ஒரு முழ நீளமுள்ள ரிமோட் கார்கள் அந்தக் குழாய்களுக்கு நடுவே சீறிக்கொண்டு ஓடும். ஓட்டுகிறவர்கள் ஓரத்தில் ஒரு மரமேடையின்மேல் வரிசையாக நின்று, கண் இமைக்காமல் அவரவர் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்கும் ஸ்ரீரங்கனின் நீலக் கார் கொண்டை ஊசி வளைவில் குழாயை முட்டிக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தது.

கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிடும் முறை அப்போது முத்துகிருஷ்ணனுடையது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் காரைத் திருப்பி வைத்தவர், அங்கிருந்தே கத்தினார். “என்னவே, ரிமோட்டு இன்னும் சரியாவலையா?”

“சிக்னல் விட்டு விட்டு வருது முத்து!”

அது பொய். அதற்கு முன்பு பேட்டரி சரியில்லை என்று சொல்லியிருந்தார், அதற்கும் முன்பு டயர் வழுக்குகிறது என்று. ரிமோட்டும் பேட்டரியும் டயரும் நன்றாகத்தான் இருந்தன. ரிமோட்டைப் பிடித்திருந்த இடது கையின் ஆள்காட்டி விரல்தான் நடுங்கியது. அந்த விரலுக்கு அடியில்தான் டிரிகர் இருக்கிறது. மெல்ல அழுத்தினால் கார் மெல்லப் போகும், முழுக்க அழுத்தினால் பறக்கும். நேர்ப்பாதையில் முழுக்க அழுத்திப் பிடிக்கும்போது விரல் ஆடினாலும் தெரியாது. வளைவில் பூப்போல் தொட வேண்டும். அங்கேதான் விரல் படபடவென்று அடித்துக்கொள்ளும், கார் எகிறும், பின்பக்கம் சுழன்று குழாயில் போய் இடிக்கும்.

ஸ்ரீரங்கன் ஆழ்வார்பேட்டையில் அலுவலகம் வைத்திருக்கும் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். வயது நாற்பத்தேழு. வாரம் முழுக்க நசுங்கிய பம்பரையும் உடைந்த ஹெட்லைட்டையும் படமெடுத்து மதிப்புப் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது கீறல் விழாத வண்டியைப் பார்க்கவேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார். போன வருஷம் வரை அந்த ஆசைக்குக் குறையில்லை. இப்போது அவருடைய காரையே சர்வே செய்யலாம் போலிருந்தது.

வீட்டில் மனைவி மதுவந்தியிடம் அந்தப் பொய் செல்லவில்லை. மயிலாப்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஒரு குட்டி ஸ்க்ரூவை மாட்ட அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்தவள், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“கையை நீட்டுங்கோ.”

“எதுக்கு?”

“நீட்டுங்கோன்னா.”

நீட்டினார். இரண்டு கையும் ஆடின, இடது கை கொஞ்சம் அதிகமாக. மதுவந்தி அந்தக் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். ஆட்டம் நின்றது.

“எத்தனை நாளா?”

“தீபாவளிலேர்ந்து. தானாப் போயிடும்னு நெனச்சேன்.”

மறுநாளே நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு, “பயப்படுற மாதிரி எதுவும் இல்லை சார். நிறைய பேருக்கு இருக்கிற நடுக்கம்தான். கையைத் தூக்கிப் பிடிச்சா ஆடும், மடியில வெச்சா அடங்கிடும். காபியைக் குறைங்க. தொந்தரவு ஜாஸ்தியானா மாத்திரை யோசிக்கலாம்” என்றார்.

வெளியே வந்ததும் ஸ்ரீரங்கனுக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ராத்திரியெல்லாம் பெரிய பெரிய வியாதியின் பெயர்களை நினைத்துக்கொண்டு படுத்திருந்தவர் அவர். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் வேறொரு வருத்தம் பிடித்துக்கொண்டது.

“காரை வித்துடலாம்னு இருக்கேன்” என்றார்.

“வித்துட்டு?”

“வித்துட்டு என்ன? ஆத்துல இருப்பேன்.”

“ஞாயித்துக்கிழமை கார்த்தால நீங்க ஆத்துல இருந்தா எனக்கு ஒரு வேலையும் ஓடாது. கறிகாய் வாங்க என்னோட வரேளா? ஒவ்வொரு கத்திரிக்காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து சர்வே பண்ணுவேள், கடைக்காரர் நம்ம ரெண்டு பேரையும் துரத்துவார். முதல்ல உங்க சிநேகிதர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்கோ. அப்புறம் விக்கறதைப் பத்திப் பேசலாம்.”

முத்துகிருஷ்ணனுக்கு தி.நகரில் நைட்டி, உள்பாவாடை மொத்த வியாபாரம். திசையன்விளையிலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் பேச்சில் ஊர் மாறாத மனிதர். கடையில் கட்டுக்கட்டாக நைட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்ரீரங்கனை உட்காரவைத்தார். ஸ்ரீரங்கன் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும், நண்பர் முகத்தில் பரிதாபம் தெரியப்போகிறது என்று பயந்து, தரையைப் பார்த்தார்.

“அப்போ சிக்னல்லாம் ஒழுங்காத்தான் வந்துச்சா?”

“வந்தது.”

“வே, நீரு மனுசனா? உமக்கு சிக்னல் வரலைன்னு சொன்னீரேன்னு நான் எங் கடைப் பையலுவளையெல்லாம் விட்டுட்டு, ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து என் ரிமோட்டையும் உம்ம ரிமோட்டையும் வச்சுச் சோதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். கடைசில இவரு கையி ஆடுதாம்! இத மொதல்லயே சொல்லுததுக்கு என்னவே?”

ஸ்ரீரங்கனுக்குச் சிரிப்பு வந்தது. பரிதாபத்தை எதிர்பார்த்து வந்தவருக்கு இந்தத் திட்டு இதமாக இருந்தது.

“ரிமோட்டுல டிரிகரு வேகத்த மட்டுப்படுத்தி வச்சுப் பாத்தீரா?” என்று முத்துகிருஷ்ணன் உடனே வேலையில் இறங்கினார்.

“பார்த்தாச்சு. வளைவுல கொஞ்சம் அடங்கறது. ஆனா மோட்டார் அதுக்கும் மேல துள்றது.”

“துள்ளாம என்ன செய்யும்? உம்ம மோட்டாரு தொட்டாப் பாயுத சாதி. கார விக்காண்டாம். மோட்டார மாத்தும். எந்திரியும், உம்ம வீட்டுல காரையும் ரிமோட்டையும் எடுத்துக்கிட்டு ராயப்பேட்டைக்குப் போவோம்.”

ராயப்பேட்டையில் அப்துல் கரீமின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில், அவர் மகள் மஹ்விஷ் ரிமோட் கார் கடை வைத்திருந்தாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இரண்டு வருஷம் வேலை பார்த்து, பிடிக்காமல் இதைத் தொடங்கியவள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களில் அவளும் ஓட்டுவாள்.

“இன்னா ரங்கன் சார், வார நாள்ல வந்துகீறீங்க?”

ஒருமுறை சொல்லிவிட்டதாலோ என்னவோ, இந்தத் தடவை சொல்வது சுலபமாக இருந்தது. கையை நீட்டியே காட்டினார். மஹ்விஷ் பார்த்தாள், தலையசைத்தாள், கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.

அவள் ஸ்ரீரங்கனின் காரை ஒரு மரக்கட்டைமேல் ஏற்றிவைத்தாள். சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. பின்சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள், சுழற்சி கண்ணுக்குத் தெரிவதற்காக. பிறகு ஒவ்வொரு மோட்டாராக மாட்டிக் காட்டினாள்.

முதலாவது விலை குறைந்தது. உள்ளே சுற்றும் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார் அதில் இல்லை. அதனால் கிளம்பும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் தடுமாறி, டக்டக்கென்று இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் ஓடத் தொடங்கியது. “இது வேணாம்” என்று அவளே கழற்றிவிட்டாள்.

அடுத்ததற்குச் சிவப்பு மூடி, அதற்கடுத்ததற்குக் கறுப்பு மூடி. இரண்டிலும் சென்சார் உண்டு. முத்துகிருஷ்ணன் ரிமோட்டை வாங்கி இரண்டையும் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். கோடு போட்ட சக்கரம் இரண்டிலும் வழுவழுவென்று சுற்றியது.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தாம் இருக்கு” என்றார்.

“உங்க கைக்கு அப்படித்தான் இருக்கும். சார், நீங்க புடிங்க” என்றாள் மஹ்விஷ்.

ஸ்ரீரங்கன் பிடித்தார். சிவப்பு மூடி மோட்டாரில் டிரிகரைத் தொட்டதும், சாக்பீஸ் கோடு சுற்றிக்கொண்டே வெட்டி வெட்டி இழுத்தது. விரலின் ஒவ்வொரு அதிர்வும் சக்கரத்தில் அப்படியே தெரிந்தது. மோட்டார் சத்தமும் திக்கித் திக்கி வந்தது. மஹ்விஷ் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பு மூடியை மாட்டினாள். அதே விரல், அதே நடுக்கம். கோடு சீராகச் சுற்றியது. ஓர் ஊதுவத்திப் புகை மேலே போவதுபோல் சத்தம் ஒரே இழையாக எழுந்தது. ஸ்ரீரங்கன் தன் விரலைக் குனிந்து பார்த்தார். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை.

“அடேயப்பா!” என்றார் முத்துகிருஷ்ணன். “எங் கையில தெரியாத வித்தியாசம் இவரு கையில தெரியுதே!”

“நானும் இப்பதான் பாக்கறேன்” என்றாள் மஹ்விஷ். “இனிமே கடைக்குப் புது மோட்டார் வந்தா உங்களக் கூப்ட்டுத்தான் டெஸ்ட் பண்ணணும் சார். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கறுப்புல செம்புக் கம்பி சுத்து ஜாஸ்தி. வேகம் கம்மிதான். செவப்பு செம ஸ்பீடு. இப்ப எல்லாரும் அதத்தான் வாங்கறாங்க.”

முத்துகிருஷ்ணன் கவலையானார். “சிவப்பையே வாங்கி, டிரிகர இன்னுங் கொஞ்சம் மட்டுப்படுத்திப் பாத்தா என்ன? கறுப்பப் போட்டா நேர்ப்பாதையில எல்லாவனும் உம்மத் தாண்டிப் போவான்வே. பொறுத்துக்கிடுவீரா?”

ஸ்ரீரங்கன் போன வருஷம் இரண்டாம் இடம் வந்தவர். அந்த நேர்ப்பாதையில் பிறரைத் தாண்டும் சுகம் அவருக்குத் தெரியும். சிவப்பு மூடியைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தார். அழகான பொருள். மறுபடி கறுப்பு மோட்டாரை ஒருமுறை மெல்ல ஓட்டினார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தோள்கள் தளர்ந்தன.

“தாண்டட்டும் முத்து. எத்தனை தூரம் போயிடுவா? வளைவுல திரும்பித்தானே ஆகணும்?” என்றார். “கறுப்பையே குடும்மா.”

மோட்டார் கம்பிகளைப் பற்றவைக்க அவருக்குக் கை வராது என்பதால் மஹ்விஷே பற்றவைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதுவந்தியும் பெருங்குடிக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. குடையும் மடக்கு நாற்காலியுமாக, வளைவுக்கு நேரெதிரே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.

மேடையில் ஏறும்போது ஸ்ரீரங்கன் எல்லோர் காதிலும் விழும்படி, “எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். டாக்டர்ட்ட காட்டியாச்சு, ஒண்ணும் இல்லை. பக்கத்துல நிக்கறவா பார்த்துப் பயந்துடாதீங்கோ” என்றார். அதே கட்டடத்தில் கீழே வேலை பார்க்கும் சாய்சரண், “எனக்கு அப்ரைசல் அன்னிக்கு இதைவிட நடுங்கும் சார்” என்றான். மேடை சிரித்தது.

பந்தயம் தொடங்கியது. முத்துகிருஷ்ணன் சொன்னபடியே, முதல் நேர்ப்பாதையிலேயே மஹ்விஷ் தாண்டினாள், சாய்சரண் தாண்டினான், கடைசியில் முத்துகிருஷ்ணனின் மஞ்சள் காரும் விர்ரென்று தாண்டியது. ஸ்ரீரங்கனுக்குப் பழைய ரோஷம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது.

டிரிகரைத் தொட்டார். விரல் ஆடியது. நீலக் கார் ஆடவில்லை. குழாயை ஒட்டினாற்போல், தொடாமல், ஒரு வட்டத்தைக் கையால் வரைந்ததுபோல் திரும்பி வெளியே வந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நேர்ப்பாதையில் விட்டதை வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தார். மற்றவர்கள் வேகமாக வந்து பிரேக் பிடித்துத் தடுமாறும் இடத்தில் அவருடைய கார் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சீக்கிரமே அவர் தன் கையை மறந்துபோனார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் முத்துகிருஷ்ணன் திரும்பி நீலக் கார் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று பார்த்தார். அந்த ஒரு பார்வைக்குள் மஞ்சள் கார் குழாயில் ஏறி மல்லாந்தது.

“ஐயையோ! போச்சே!” என்று அவர் அலறியது மதுவந்திவரை கேட்டது.

ஸ்ரீரங்கன் மூன்றாவதாக வந்தார். மஹ்விஷ் முதலிடம், சாய்சரண் இரண்டாமிடம். மஹ்விஷின் காரில் இருந்ததும் சிவப்பு மூடிதான். ஸ்ரீரங்கனுக்கு அதில் எந்தக் குறையும் தோன்றவில்லை. காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை.

முத்துகிருஷ்ணன் தன் காரின் உடைந்த முன்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உம்மென்று வந்தார். பிறகு ஸ்ரீரங்கனை ஓரமாக இழுத்துப்போய், “ஏதாவது சாக்கு சொல்லணும்னுதான் இருந்தேன்” என்று தொடங்கினார். “உம்ம காரு அந்த வளைவுல திரும்புததப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்வே. நல்லாருந்துச்சு. அதாம் எங்காரு போச்சு. போனாப் போவுது, பசிக்கி. வாரும்.”

அடையாறில் ஒரு ஹோட்டலில் எல்லோருமாகப் பொங்கலும் வடையும் சாப்பிட்டார்கள். மதுவந்தி மஹ்விஷிடம், வளைவில் காரைத் திருப்பும்போது எதைப் பார்க்கவேண்டும், காரையா பாதையையா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். காபி வந்தபோது ஸ்ரீரங்கன் பாதியை மனைவியின் டம்ளரில் ஊற்றினார். கொஞ்சம் மேஜையில் சிந்தியது. அவர் அதைத் துடைத்துவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மதுவந்தி வண்டியை ஓட்டினாள். ஸ்ரீரங்கன் நீலக் காரை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பல்சக்கரத்தை மாற்றினால் நேர்ப்பாதையில் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் குரல் நின்றது. மதுவந்தி திரும்பிப் பார்த்தாள். அடையாறு பாலம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டிருந்தார். அவள் எஃப்.எம். பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினாள்.