இடது கைக்கு ஒரு மவுஸ்

பவானி ஊக்கின் முனையை மவுஸ் சக்கரத்தின் இடுக்கில் விட்டு நெம்பினாள். பழுப்பாக, மெழுகு போல ஒரு உருண்டை வந்தது. முதலாளி சபாபதியின் மூக்குப்பொடியும் விரல் எண்ணெயும் சேர்ந்து ஊறிய அழுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைக் காகிதத்தில் தேய்த்தாள்.

சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அந்தக் கடையில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை அவளுடையது. சபாபதி நினைத்தபோது வருவார். பொடி போட்ட விரலை வேட்டியில் அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு, தள்ளச் சொல்லி, அதே மவுஸைப் பிடிப்பார்.

இப்போது அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆறு மாசம் இடது கையால் வேலை செய், இல்லாவிட்டால் ஆபரேஷன்தான் என்று கடலூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்று படுத்தால் சபாபதி வேறு ஆள் பார்த்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் செம்மண்டலத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து கிளம்பி, இடது கைக்குத் தோதான மவுஸ் வாங்க மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைப் பெண் மோனிகா முதலில் எடுத்துக் கொடுத்தது சாமி மேடை போல விளக்கு மினுக்கியது. அடுத்தது வலது கைக்கென்றே குழிந்திருந்தது. இடது கையை வைத்தால் செருப்பு மாற்றிப் போட்டதுபோல் இருந்தது. மூன்றாவது ரப்பர் பூசியது. நாளானால் கொஞ்சம் பிசுபிசுக்கும் என்று மோனிகா சொன்னதுமே பவானி கையை எடுத்துவிட்டாள்.

நாலாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வெள்ளை. உள்ளங்கை தானாகப் படிந்தது. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் பட்டன்கள்.

"எந்தப் பட்டனுக்கு என்ன வேலைன்னு நீங்களே குடுத்துக்கலாம்க்கா."

"சக்கரத்துல அழுக்கு சேருமா?"

"எதுலதான் சேராது? யார் கை படுதோ, அதப் பொறுத்துதான்."

மறுநாள் பத்திரிகைக் கடையில் அதை மாட்டி, இடது கைக்காகக் கிளிக் பட்டன்களை வலது இடதாக மாற்றி வைத்தாள். பக்கப் பட்டனுக்கு அன்டூ கொடுத்தாள். ஒரு அழுத்தலுக்குக் கடைசியாகச் செய்த வேலை ஒன்று மறையும். மணிக்கட்டு வலிக்காமல் பாதி நாள் ஓடியது.

பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து சின்னையன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். உட்கார்ந்த பிள்ளையாரா, நின்ற பிள்ளையாரா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பெயர்களெல்லாம் ஏறிவிட்டன. பவானி பிள்ளையாரை இழுத்து உச்சியில் வைக்கப் போனாள். சின்னையன் முகம் சுளித்தார்.

"ஏம்மா, சாமிய இடது கையாலயா இழுப்ப?" என்றார் அப்போதுதான் உள்ளே வந்த சபாபதி. வீங்கிய கையைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. "மத்தத எப்படியோ பண்ணிக்க. பிள்ளையார நான் வெக்கிறேன், தள்ளு."

சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை பொடியை இரண்டு மூக்கிலும் ஏற்றினார். வலது உள்ளங்கைக்குள்ளேயே தும்மினார். அந்தக் கையால் மவுஸைப் பிடித்தார். பவானி கண்ணை மூடிக்கொண்டாள்.

பட்டன்கள் இடம் மாறியிருந்ததால், அவர் கிளிக் செய்தபோது பிள்ளையார் அசையவில்லை, ஏதோ பட்டியல் தொங்கியது. ஆத்திரத்தில் மவுஸை இறுக்கினார். பக்கப் பட்டன் அழுந்தியது. திரையில் மண்டபத்தின் பெயர் மறைந்தது. இன்னும் இறுக்கினார். தாய்மாமன் போனார். பிறகு மாப்பிள்ளை.

"என்ன கருமம் இது" என்று கையை உதறினார்.

மவுஸின் வெள்ளை முதுகில் பழுப்பாக, ஈரமாக மூன்று விரல் தடம். சின்னையன் அதைப் பார்த்தார், சபாபதியின் கையைப் பார்த்தார், நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"விடுங்க மொதலாளி. அந்தம்மாவே வெக்கட்டும். இடது கைன்னாலும் அது கழுவின கை."

பவானி கைக்குட்டையால் இரண்டு தரம் துடைத்தாள். மாப்பிள்ளை, தாய்மாமன், மண்டபம் எல்லோரையும் திரும்ப வரவழைத்தாள். பிள்ளையாரை இடது கையாலேயே உச்சியில் உட்கார வைத்தாள். சபாபதி வாசலுக்குப் போய்விட்டார்.

கைக்குட்டையைக் குப்பையில் போட்டாள். பொடி நாற்றம் போகவில்லை. புது மவுஸின் சக்கர இடுக்கில் ஒரு பொட்டு பழுப்பு அதற்குள்ளாகவே ஒட்டியிருந்தது. ஊக்கைத் தேடினாள்.